சுயநிர்வாகத் தொழிலமைப்புகளில் கூட்டநெறி: திருவில்லிபுத்தூர் – இராஜபாளையம் வட்டாரத்தை முன்வைத்த வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மேலாளரின்றித் தாமே நிர்வகித்துக்கொள்ளும் தொழிலமைப்புகளில் கூட்டத்தைச் சுருக்கமாகவும் வரிசை தவறாமலும் நடத்துவதற்கான விதிகள் தமிழகத்தில் நெடுங்காலமாக உருவாக்கப்பட்டு வந்துள்ளன. பாண்டிநாட்டுச் சபைக் கல்வெட்டு, இருபதாம் நூற்றாண்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒருங்கே வைத்து நோக்குகிறது. கூட்டத்தின் கால அளவைக் குறைக்கும் விதி யாருடைய நேரத்தைக் காக்கிறது, யாருடைய மறுப்பைக் குறைக்கிறது என்பதே இதன் வினா.

திறவுச்சொற்கள்: சபை, வாரியம், மானூர்க் கல்வெட்டு, கைத்தறிக் கூட்டுறவு, தீர்மானப் புத்தகம், சுயஉதவிக் குழு.

முன்னுரை

ஒரு தொழிலிடத்தில் மேலாளர் இல்லையென்றால் அவர் செய்துவந்த பணிகள் இல்லாமற் போய்விடுவதில்லை. நூலை யாருக்கு முதலில் வழங்குவது, பழுதான துணியின் இழப்பை யார் ஏற்பது, அவசரக் கடன் கேட்ட இருவரில் யாருக்கு முன்னுரிமை தருவது போன்ற முடிவுகளை யாரேனும் எடுத்தாக வேண்டும். மேலாளர் தம் அறையில் தனியே செய்து முடித்தவை, சுயநிர்வாக அமைப்பில் அனைவரும் கூடியிருக்கும் கூட்டத்திற்கு வந்து சேர்கின்றன. ஆகவே அத்தகைய அமைப்பின் முதற்சிக்கல் பெரும்பாலும் முதலீட்டைப் பற்றியதாக இருப்பதில்லை. கூட்டத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. கூட்டம் நீண்டால் தொழில் நிற்கும். கூடாமலே இருந்தால் அதிகாரம் ஓரிருவர் கைக்குப் போய்விடும்.

அண்மைக்கால மேலாண்மை நூல்கள் இச்சிக்கலுக்குத் தீர்வாகக் காலவரையறை கொண்ட, வரிசை வகுக்கப்பட்ட, பொறுப்புகள் பிரிக்கப்பட்ட குறுங்கூட்டத்தை முன்வைக்கின்றன. மென்பொருள் குழுக்களில் நாள்தோறும் நடக்கும் பதினைந்து நிமிடக் கூட்டம் அதன் பரவலான வடிவம். இதனை மேலைநாட்டு அலுவலகத்தின் அண்மைக் கண்டுபிடிப்பாகக் கருதும் வழக்கம் உண்டு. தமிழகத்தைப் பொறுத்தவரை சபைகளைப் பற்றிய ஆய்வுகள் அவற்றை ஊராட்சியின் வரலாறாகவும், கூட்டுறவைப் பற்றிய ஆய்வுகள் அதனைக் கடன், விற்பனை ஆகியவற்றின் வரலாறாகவுமே பெரிதும் அணுகியுள்ளன. கூடி முடிவெடுக்கும் செயலையே ஓர் உழைப்பாகக் கொண்டு பார்க்கும் பார்வை இரண்டிலும் குறைவு.

மல்லிநாடும் மானூரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில், ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். இன்று இரண்டும் விருதுநகர் மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்கள். திருவில்லிபுத்தூர் இடைக்காலத்தில் மல்லிநாட்டுப் பிரமதேயமாக இருந்தது. பிரமதேயம் என்றால் அங்கே நிலப்பங்குடையோரின் சபை ஒன்று இருக்கும். அச்சபை நிலம், நீர், கோயில், தண்டம் ஆகியவற்றை நிர்வகிக்கும். இத்தகைய சபை எவ்வாறு கூடிற்று, கூடியபின் எவ்வாறு பேசிற்று என்பதற்குப் பாண்டிநாட்டிலேயே மிகத் தெளிவான சான்று, திருவில்லிபுத்தூருக்குத் தெற்கே, திருநெல்வேலியை அடுத்த மானூரிலிருந்து கிடைக்கிறது.

மாறஞ்சடையன் காலத்து மானூர்க் கல்வெட்டு கி.பி. 800ஐ ஒட்டியது. களக்குடி நாட்டு மானநிலைநல்லூர்ச் சபையார் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதிகளை அது பதிவு செய்கிறது. பங்குடையோரின் மக்களுள் ஒருவரே அப்பங்கின் சார்பில் சபையில் அமரலாம். அவர் நன்னடத்தை உடையவராகவும், மந்திர பிராமணமும் ஒரு தர்மமும் கற்றுத் தேர்ந்தவராகவும் இருத்தல் வேண்டும். கால், அரை, முக்கால் எனப் பங்கைத் துண்டாக்கி உறுப்பினராக இயலாது. இவை உறுப்பினர் தகுதி பற்றியவை. வரலாற்று நூல்களில் பலமுறை எடுத்துரைக்கப்பட்டவை.

அதே கல்வெட்டின் மற்றொரு விதி இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டியது. சபையில் எடுக்கப்படும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று, அன்று’ எனச் சொல்லிக் காரியத்தைத் தடுப்போர், அவ்வாறு தடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும். அவர்களுக்குத் துணைநிற்போருக்கும் அதே தண்டம் உண்டு. தண்டம் கட்டிய பின்னரும் அவர்கள் அவ்விதிக்குக் கட்டுப்பட்டவர்களே. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் பாண்டியர் வரலாற்றை எழுதுகையில் இவ்விதியை எடுத்துக்காட்டியுள்ளார். கூட்ட நடவடிக்கையின் வேகத்தைக் குறித்துத் தமிழ் மண்ணில் கல்லில் வெட்டப்பட்ட மிகப் பழைய விதிகளுள் ஒன்று இது.

இவ்விதியை இருவகையாகப் படிக்கலாம். எல்லாவற்றையும் மறுப்பவர் ஒருவர் இருந்தால், ஏரிக்கரை உடைப்பெடுத்தாலும் அதனை அடைக்கும் முடிவு எட்டப்படாது. தண்டம் மறுப்புக்கு அன்று, மறுப்பையே தொழிலாகக் கொள்வதற்கு. இது ஒரு வாசிப்பு. எது நேர்மையான மறுப்பு, எது வீண் தடை என்று தீர்ப்பளிப்போர் யார் என்று கேட்டால் மற்றொரு வாசிப்பு எழுகிறது. தீர்ப்பளிப்பது மறுக்கப்பட்ட அதே பெரும்பான்மையே. மறுப்பவரோடு அவருக்குத் துணைநிற்பவருக்கும் தண்டம் என்பது, ஓர் எதிரணி உருவாவதற்கே விலை வைப்பதாகும். இரண்டாம் வாசிப்பைப் புறக்கணித்து முதலாவதை மட்டும் பழந்தமிழ் மக்களாட்சியின் சான்றாகக் கொண்டாடுவது பொருந்தாது. மறுக்கும் உரிமையும் தண்டத்திற்கு உட்படும் தகுதியும் பங்குடையோர்க்கு மட்டுமே இருந்தன. வயலில் உழைத்தோர் அவ்வவையில் இல்லை. அவர்கள் ‘அன்று’ எனச் சொல்லும் வாய்ப்பே எழவில்லை.

வாரியமும் மத்தியஸ்தனும்

மானூருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். குடவோலை முறைக்காகவே அவை பாடநூல்களில் இடம்பெற்றன. கூட்டநெறியின் கண்ணோட்டத்தில் அவற்றின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. சபை தன் பணிகளைப் பிரித்து வாரியங்களிடம் ஒப்படைத்தது: சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். பொறுப்புக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். ஏரியின் அன்றாடக் காரியங்களை ஆறு பேர் பார்த்துக்கொண்டால், பெருங்கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச வேண்டியது கணக்கு மட்டுமே. கூட்டம் சுருங்குவதற்கு உண்மையான வழி பேச்சைக் கட்டுப்படுத்துவதன்று, பணியைப் பகிர்ந்தளிப்பதே என்பதை உத்திரமேரூர் மானூரைவிடத் தெளிவாக உணர்ந்திருந்தது.

ஓலை எடுக்கும் முறையும் கருதத்தக்கது. சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்குகிறான், உரக்க வாசிக்கிறான், மண்டபத்திலுள்ள நம்பிமார் அனைவரும் அதனை மீண்டும் வாசிக்கின்றனர். அதன்பின்னரே பெயர் எழுதப்படுகிறது. விரல்களை விரிக்கச் சொன்னது, கையில் வேறோர் ஓலை மறைந்திருக்கக்கூடும் என்னும் ஐயத்தால். சபைக் கல்வெட்டுகள் பலவற்றில் தீர்மானத்தை எழுதுபவனாகத் தோன்றும் மத்தியஸ்தன், முடிவெடுப்போருள் ஒருவன் அல்லன். நடத்துபவரும் முடிவெடுப்பவரும் வேறுவேறாக இருக்க வேண்டும் என்று இன்றைய குழுக்கூட்டக் கையேடுகள் வற்புறுத்துவது இப்பிரிவினையைத்தான்.

ஆலையும் சாவடியும்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் இருவகைத் தொழிலொழுங்குகளைக் கண்டது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் இவ்வட்டாரத்தை ஆலைத்தொழிலுக்குக் கொண்டுவந்தது. ஆலையில் நேரத்தைச் சங்கு சொல்லும். பணியை மேற்பார்வையாளர் சொல்வார். தொழிலாளர் கூடிப் பேச வேண்டிய தேவையை உற்பத்தி எழுப்புவதில்லை. அங்கே கூட்டம் என்பது தொழிற்சங்கத்துக்கு உரியது, வாயிலுக்கு வெளியே நிகழ்வது. மறுபுறம் பழையபாளையம், புதுப்பாளையம் முதலான பகுதிகளின் சாவடிகள் சமூகக் காரியங்களைக் கூடிப்பேசி முடிக்கும் இடங்களாக நீடித்தன. சாவடியில் பேச்சுக்கு இடமுண்டு. ஆயினும் மானூரில் பங்கு இருந்த இடத்தில் இங்கே பிறப்பு இருந்தது. முன்பின் உறவில்லாதவர்கள் தொழிலின் பொருட்டு உறுப்பினராகி, ஆளுக்கொரு வாக்கென்று அமரும் அவை இவ்விரண்டிலும் இல்லை. அது கூட்டுறவுச் சட்டத்தின் வழியே வந்தது.

நெசவாளர் சங்கமும் கூலி நேரமும்

கூட்டுறவின் உலகளாவிய முன்மாதிரியாகக் கொள்ளப்படும் ராச்டேல் சங்கத்தை 1844இல் இங்கிலாந்தில் தொடங்கியோரில் நெசவாளர் பலர் இருந்தனர். ஆளுக்கொரு வாக்கு, காலமுறைப் பொதுக்கூட்டம், தணிக்கை செய்த கணக்கு ஆகியவை அவர்களுடைய விதிகளின் அடிப்படை. இந்தியாவில் 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துடன் இவ்வடிவம் அரசு வழியே வந்து சேர்ந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் கடன் அல்லாத சங்கங்களுக்கும் இடமளித்தது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என அறியப்படும் சென்னை மாகாண நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935இல் நிறுவப்பட்டது. திருவில்லிபுத்தூரிலும், அதனை அடுத்த சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பகுதிகளிலும் கைத்தறி நெசவு இச்சங்க அமைப்பைச் சார்ந்து நடந்து வந்துள்ளது.

சங்கத்தின் இயக்கம் எளியது. உறுப்பினர் சங்கத்தில் பாவும் ஊடை நூலும் பெற்றுத் தம் வீட்டுத் தறியில் நெய்கிறார். துணியை ஒப்படைத்துக் கூலி பெறுகிறார். கூலியில் ஒரு பகுதி சிக்கன சேமிப்பாகப் பிடிக்கப்படுகிறது. துணியைச் சங்கம் கோ-ஆப்டெக்ஸுக்கும் வெளியாருக்கும் விற்கிறது. தொழிலிடம் சிதறிக் கிடப்பதால் நெசவாளர் ஒருவரையொருவர் தொழில்முறையில் சந்திக்கும் இடம் சங்க அலுவலகமே.

இங்கே கூட்டத்தின் நீளம் நேரடியாகக் கூலியைப் பாதிக்கும். மாதச் சம்பளம் பெறுவோர் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு. நெய்த துணிக்குக் கூலி பெறுபவர் தறியை விட்டு எழுந்து வந்தால் நாடா நின்றுவிடும். அந்நேரத்துக்குக் கூலி இல்லை. காலைநேரக் கூட்டம் அரைநாள் நெசவைக் கொண்டுபோய்விடும். பணம் படைத்தோர்க்கே நெடுங்கூட்டம் கட்டுப்படியாகும் என்பது இதன் பொருள். நீண்ட கூட்டத்தின் இறுதிவரை இருந்து முடிவை வடிவமைப்பவர்கள், அந்நேரத்தை இழக்கக்கூடியவர்களாகவே இருப்பர். அவர்கள் கூலிக்கு ஆள் வைத்துப் பல தறிகளை ஓட்டுபவர்களாகவோ, நெசவை விட்டுவிட்டு உறுப்பினர் அட்டையை மட்டும் வைத்திருப்பவர்களாகவோ இருக்கலாம். சுருக்கமான கூட்டம் அலுவலகத்தில் வசதி பற்றியது. தறிக்குழியில் அது சமத்துவம் பற்றியதாகிவிடுகிறது. மேலாண்மை நூல்கள் கூட்டத்தின் விலையை நிறுவனத்தின் கணக்கில் எழுதுகின்றன. கூலி நெசவில் அவ்விலையைச் செலுத்துபவர் உறுப்பினரே.

பால் கூட்டுறவு இச்சிக்கலை வேறொரு வழியில் கடந்தது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றபோது பேசப்பட்டது அதன் சுவை. அச்சுவைக்குப் பின்னால் காலையும் மாலையும் சங்கத்தின் முன் நிற்கும் பால் ஊற்றுவோரின் வரிசை உண்டு. அளவு, தரச் சோதனை, பதிவு என்னும் மூன்று செயல்கள் ஒவ்வொருவர் முன்னிலையிலும் நடக்கின்றன. முறையீடு இருந்தால் அங்கேயே, பின்னால் நிற்பவர் கேட்கச் சொல்லப்படுகிறது. யாரும் அதனைக் கூட்டம் என அழைப்பதில்லை. நாளுக்கு இருமுறை சில நிமிடங்களில் முடியும் சந்திப்பு என்ற அளவில், மென்பொருள் குழுவின் நின்றபடிக் கூட்டத்துக்கு இதுவே நெருங்கிய உள்ளூர் இணை. எனினும் அவ்வரிசையில் விலையை நிர்ணயிக்க இயலாது. அளவை ஒப்புக்கொள்ளலாம், அல்லது மறுக்கலாம். அதற்கு மேலான முடிவு வேறிடத்தில் எடுக்கப்படுகிறது.

‘ஏகமனதாக’ என்னும் சொல்

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 சங்கத்தின் இறுதி அதிகாரத்தைப் பேரவையிடம் வைத்துள்ளது. அன்றாட நிர்வாகம் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவிடம் உள்ளது. அழைப்பு அறிவிப்பு, கூட்டப்பொருள், குறைவெண் வரம்பு (நெசவாளர் வழக்கில் ‘கோரம்’), முன்மொழிதல், வழிமொழிதல், தீர்மானப் புத்தகம் ஆகியவை ஒழுங்காக வரையறுக்கப்பட்டுள்ளன. கூட்டத்தைச் சுருக்கமாகவும் முறையாகவும் நடத்த வேண்டிய கருவிகள் அனைத்தும் காகிதத்தில் உள்ளன.

தீர்மானப் புத்தகத்தின் மொழி தனியே ஆராயத்தக்கது. ‘பதிவு செய்யப்பட்டது’, ‘அங்கீகரிக்கப்பட்டது’, ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ ஆகிய மூன்று தொடர்கள் அதில் மீண்டும் மீண்டும் வருகின்றன. மூன்றிலும் செய்தவர் யாரென்பது இல்லை. மூன்றாவது தொடர் குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. மானூர்ச் சபை மறுப்பவர் இருப்பதை ஒப்புக்கொண்டு அவருக்குத் தண்டம் விதித்தது. ‘ஏகமனதாக’ என்னும் சொல் மறுப்பவர் இருந்ததற்கான தடயத்தையே நீக்கிவிடுகிறது. தண்டத்தைவிட இது மென்மையானது. ஆனால் வரலாற்றாய்வாளருக்கு அதைவிட இடையூறானது. ஐந்து காசு விதியால் மானூரில் கருத்து வேறுபாடு இருந்ததென அறிகிறோம். ‘ஏகமனதாக’ என முடியும் ஆயிரம் தீர்மானங்கள் அப்படி எதையும் அறியத் தருவதில்லை.

கூட்டம் சுருங்குவதன் கடைசி எல்லை, கூட்டமே இல்லாமற் போவது. 1976ஆம் ஆண்டின் தனி அலுவலர் நியமனச் சட்டம் தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களை அந்நிலைக்குக் கொண்டுசென்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் அதிகாரம் முழுவதும் அரசு நியமித்த ஒருவரிடம் சேர்ந்தது. பின்னரும் தனி அலுவலர் ஆட்சி தமிழகச் சங்கங்களில் திரும்பத் திரும்ப வந்தது. அரசியலமைப்பின் 97ஆம் திருத்தத்துக்குப் பிறகு, 2013இல்தான் மாநிலமெங்கும் பரவலாகத் தேர்தல்கள் நடந்தன. தனி அலுவலர் காலத்திலும் பதிவேடுகள் எழுதப்பட்டன, நூல் வழங்கப்பட்டது, கூலி கொடுக்கப்பட்டது. நிர்வாகத்தின் வேகம் குறைந்ததெனச் சொல்ல இயலாது, ஒருவர் எடுக்கும் முடிவுக்குக் கோரம் தேவையில்லை. இழந்தது பழக்கத்தை. தலைமையேற்று நடத்தவும், எதிர்த்துப் பேசிவிட்டு மறுநாள் சேர்ந்து உழைக்கவும், கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கவும் ஒரு தலைமுறைக்கு வாய்ப்பில்லாது போயிற்று. சட்டத்தால் தேர்தலை மீட்டுத்தர முடியும். கூட்டம் நடத்தத் தெரிந்தவர்களை அதனால் உடனே உண்டாக்க முடியாது.

மகளிர் குழுவின் ஒரு மணி நேரம்

அப்பழக்கம் எதிர்பாராத இடத்தில் மீண்டும் உருவாயிற்று. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு முயற்சி, 1997–98 முதல் மகளிர் திட்டம் என்னும் பெயரில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. விருதுநகர் மாவட்டத்திலும் குழுக்கள் பெருகின. குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேர். ஓர் ஊக்குநர், இரு பிரதிநிதிகள். வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், கடன் திருப்பம், கணக்குப் பதிவு ஆகிய ஐந்தும் பின்னர்த் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் ‘பஞ்சசூத்திரம்’ என வழங்கலாயின. அவற்றுள் முதலாவது கூட்டம்.

கூட்டத்தின் வரிசை ஏறத்தாழ நிலையானது. வருகைப் பதிவு, சென்ற கூட்டத் தீர்மானம் வாசித்தல், சேமிப்பு வசூல், கடன் தவணை வசூல், புதிய கடன் கோரிக்கை, கலந்துரையாடி முடிவெடுத்தல், அனைவர் முன்னிலையிலும் ரொக்கத்தை எண்ணுதல், தீர்மானத்தை உரக்க வாசித்துக் கையொப்பம் பெறுதல். சமையலும் கூலிவேலையும் இரு பக்கமும் காத்திருக்க, இவை ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தாக வேண்டும். வராதவருக்கும் தாமதமாக வருபவருக்கும் சிறுதொகை அபராதம் விதிக்கும் குழுக்கள் பல.

அபராதம் எதற்கு என்பதில்தான் மானூருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. மானூரில் வந்து மறுத்தவருக்குத் தண்டம், இங்கே வராதவருக்கு. முன்னது பேச்சைக் குறைத்து நேரத்தைக் காக்கிறது. பின்னது அனைவரையும் ஒரே நேரத்தில் அமர்த்தி நேரத்தைக் காக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகத் தீர்மானம் உரக்க வாசிக்கப்படுகிறது. ரொக்கம் அறைக்குள் எண்ணப்படாமல் பாயின் நடுவே எண்ணப்படுகிறது. மத்தியஸ்தனின் விரித்த விரல்களுக்குப் பின்னால் இருந்த ஐயம் இங்கும் உண்டு. அதற்கான விடையும் ஏறத்தாழ அதுவே.

இக்கட்டமைப்பை மிகையாகப் புகழ்வதற்கில்லை. வங்கிக் கடன் இணைப்பு வலுப்பெற்றபின் பல குழுக்களில் கூட்டம் தவணை வசூலாகச் சுருங்கியது. தவணை கட்ட இயலாத பெண் கூட்டத்திற்கு வர அஞ்சுகிறாள். பதிவேட்டை எழுதும் ஒருவரே ஆண்டுக்கணக்கில் ஊக்குநராகத் தொடர்வதும் உண்டு. பொறுப்புச் சுழற்சி பற்றிய அறிவுரை ஏட்டளவில் நின்றுவிடுகிறது. வரிசை ஒழுங்காக இருக்கிறது, கேள்வி மட்டும் இல்லை என்னும் நிலையில் மகளிர் குழுவின் புத்தகத்திலும் ‘ஏகமனதாக’ நுழைந்துவிடுகிறது.

எனினும் நெசவுத் தெருக்களைப் பொறுத்தவரை ஓர் உண்மை எஞ்சுகிறது. தார் சுற்றுதல், நூல் இழைத்தல், பாவு பிணைத்தல் ஆகிய முன்வேலைகளில் பெரும்பகுதியைப் பெண்களே செய்கின்றனர். தறியின் உறுப்பினர் பெயர் பெரும்பாலும் ஆணுடையது. எனவே நூலின் தரத்தைத் தினமும் விரலால் அறிபவர், நூல் கொள்முதல் பேசப்படும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இருப்பதில்லை. அதே பெண் வாரந்தோறும் தன் குழுவில் தீர்மானத்தை வாசிக்கிறார்; கடன் கோரிக்கையை ஏற்கவோ மறுக்கவோ செய்கிறார்; ரொக்கம் சரியென ஒப்பமிடுகிறார். ஒரே வீட்டில் இரண்டு பாஸ்புத்தகங்கள் உள்ளன: நெசவாளர் சங்கத்தினுடையது கணவர் பெயரில், மகளிர் குழுவினுடையது மனைவி பெயரில். கூட்டம் நடத்தும் பயிற்சி இரண்டாவதன் பக்கம் சேர்ந்திருக்கிறது. தறியைப் பற்றிய முடிவுகள் முதலாவதன் பக்கம் எழுதப்படுகின்றன.